சிப்பாய், லான்ஸ் நாயக், நாயக், ஹவில்தார்: கைப்பட்டை சொல்வதும் சொல்லாததும்

திருநெல்வேலிச் சீமையில் ராணுவத்துக்குப் போன எவரும் ஊருக்குள் ‘மிலிட்டரிக்காரர்’தான். போன மாதம் பயிற்சிக்கு ரயிலேறிய பையனுக்கும் அதே பெயர். 24 ஆண்டு பணி முடித்து வந்து தாமிரபரணிப் பாசனத்தில் நெல் பயிரிடுபவருக்கும் அதே பெயர். அன்றாடத்துக்கு இது போதும். கல்யாணப் பேச்சு, ஓய்வூதியக் கணக்கு, செய்தித்தாள் ஆகிய மூன்று இடங்களில்தான் போதாமல் போகிறது. மணமகன் பெயருக்குக் கீழே ‘நாயக், இந்திய ராணுவம்’ என்று அச்சிட்ட அழைப்பிதழைக் கையில் வாங்கி, ‘நாயக்கர்’ என்பதில் கடைசி எழுத்துகள் விடுபட்டுவிட்டன என்று எண்ணுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

4 ஆண்டு ஒப்பந்தத்தில் ‘அக்னிவீர்’ என்று ஆள் எடுக்கும் அக்னிபத் திட்டம் வந்த பிறகு குழப்பம் கூடியிருக்கிறது. அக்னிவீர் என்றால் சிப்பாயா, சிப்பாய்க்கும் கீழா? சம்பளம் கூடுதலா, குறைவா? 2023 ஜனவரியில் பயிற்சி தொடங்கிய முதல் அணிக்கு 2026 கடைசியிலும் 2027 தொடக்கத்திலுமாக 4 ஆண்டு நிறைகிறது. கேள்விகள் வீட்டு வாசலுக்கு வரும் நேரம் இது.

குழப்பத்தின் வேர் ஒன்றுதான். ஒரு படைவீரரைப் பற்றிய ஐந்து தனித்தனிச் செய்திகளை நாம் ஒரே செய்தியாக வாசிக்கிறோம்: படிநிலை, பொறுப்பு, தொழில், ஊதிய நிலை, பணி ஒப்பந்தம். சட்டைக் கையில் தைத்த பட்டை இவற்றில் முதலாவதை மட்டுமே சொல்லும்.

மூன்று அடுக்கு

தரைப்படையின் உச்சியில் லெப்டினென்ட் முதல் ஜெனரல் வரையுள்ள அதிகாரிகள். நடுவில் நாயிப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர். இவர்களுக்குப் படையில் ஜே.சி.ஓ. என்று பெயர், கூப்பிடும்போது ‘சாப்’. அடியில் சிப்பாய் முதல் ஹவில்தார் வரை. படையின் மிகப் பெரும் பகுதி இந்த மூன்றாம் அடுக்குதான். நம் பக்கத்துப் பையன்கள் பெரும்பாலும் நுழைவதும் இங்கேதான்.

நடு அடுக்கு ஏன் வந்தது என்பதற்குக் காரணம் பழையது. ஆங்கிலேய அதிகாரிக்குச் சிப்பாயின் மொழி தெரியாது, சிப்பாய்க்கு அதிகாரியின் மொழி தெரியாது. இடையே பாலமாக இந்திய அதிகாரி வேண்டியிருந்தது. ஆனால் அவர் எத்தனை ஆண்டு உழைத்தாலும் சுபேதார் மேஜருக்கு மேல் போக முடியாது என்று கூரையும் வேய்ந்து வைத்தார்கள். அந்தக் கூரையில் ஓட்டை விழுந்தது 20ஆம் நூற்றாண்டில்தான். 1947க்குப் பிறகு அந்த நடு அடுக்கின் பெயர் மாறியது. அடுக்கு அப்படியே இருக்கிறது.

நேரடியாக நடு அடுக்கில் நுழையும் வழியும் உண்டு, ஆனால் மிகவும் குறுகலானது. ஈட்டி எறியும் நீரஜ் சோப்ரா 2016இல் விளையாட்டுத் தகுதியில் நாயிப் சுபேதாராகவே சேர்க்கப்பட்டார். அதைப் படித்துவிட்டு, சேர்ந்த இரண்டாம் ஆண்டே தங்கள் பையனும் சுபேதார் ஆவான் என்று காத்திருக்கக் கூடாது. சிப்பாயாகச் சேர்ந்தவருக்கு அந்த இடம் கிடைத்தாலும், அதற்கு 20 ஆண்டை ஒட்டிய காலம் ஆவது சாதாரணம்.

நான்கு படிகள்

1. சிப்பாய். கையில் பட்டை கிடையாது. பயிற்சி முடிந்து உறுதிமொழி எடுக்கும் அணிவகுப்பைக் ‘கசம் பரேட்’ என்பார்கள். மதராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு அது நீலகிரியின் வெலிங்டனில் நடக்கும். பொறியாளர் படையான மதராஸ் சாப்பர்களுக்குப் பெங்களூரில். அதற்குப் பிறகு தன் ஆயுதம், தன் உடை, தனக்கு இட்ட வேலை ஆகியவற்றுக்கு அவர் பொறுப்பு. மற்றொருவருக்காகப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

2. லான்ஸ் நாயக். ஒரு பட்டை. ஆங்கில ‘வி’ எழுத்தைப் போலக் கீழ்நோக்கிக் கூர்ந்திருக்கும். வெளியாட்களுக்கு விளங்காத படி இதுதான், ஏனென்றால் இது அரைப்படி. வேலை ஏறியிருக்கும், ஊதிய நிலை ஏறியிருக்காது. சிப்பாய்க்கும் இவருக்கும் ஊதிய அட்டவணையில் ஒரே வரிதான். நாயக் இருக்கும்போது அவருக்குத் துணை. நாயக் விடுப்பில் போனாலோ அடிபட்டு விழுந்தாலோ அந்த நிமிடமே இவர்தான் தலைவர். ஒரு மனிதனுக்குப் பிறரை நடத்தத் தெரியுமா என்று படை பார்த்துக்கொள்ளும் இடம் இது. இதைச் சும்மா ஓர் அலங்காரம் என்று நினைப்பவர்கள், 1971இல் கங்காசாகரில் வீழ்ந்து பரம் வீர் சக்கரம் பெற்ற ஆல்பர்ட் எக்கா ஒரு லான்ஸ் நாயக் என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

3. நாயக். இரண்டு பட்டை. இங்கேதான் உண்மையான தலைமை தொடங்குகிறது. காலாட்படையின் மிகச் சிறிய போர்க்குழுவான செக்‌ஷனில் ஏறக்குறைய 10 பேர். அதை நடத்துபவர் நாயக் அல்லது ஹவில்தார். 1948 பிப்ரவரி 6 அன்று நவ்ஷேரா பகுதியில் ஒரு முன்னணிக் காவல் நிலையைக் காத்தபடி உயிர் விட்ட ஜதுநாத் சிங், 9 பேரை வைத்து அந்த நிலையைக் காத்த நாயக். எந்தத் துப்பாக்கியை எந்தப் பக்கம் திருப்புவது, யாரை முன்னே அனுப்புவது என்று அங்கே முடிவெடுத்தவர் அவர். மேஜரோ கர்னலோ பக்கத்தில் இல்லை.

4. ஹவில்தார். மூன்று பட்டை. செக்‌ஷனை நடத்துவார், பல செக்‌ஷன்கள் சேர்ந்த பிளட்டூனில் ஜே.சி.ஓ.வுக்கு வலக்கை, பயிற்சி மையங்களில் புதியவர்களுக்கு ‘உஸ்தாத்’. மூன்றாம் அடுக்கின் உச்சி இது.

இந்த ஏற்றத்தை ஒரே பார்வையில் காட்டும் பொருள் ஒன்று ஓய்வு பெற்ற வீரர்களின் வீட்டில் கிடக்கும்: கறுப்பு டிரங்குப் பெட்டி. மூடியில் வெள்ளைப் பெயின்டில் படை எண், படி, பெயர் என்ற வரிசையில் எழுதியிருப்பார்கள். எண்ணும் பெயரும் பழைய பெயின்டிலேயே மங்கிக் கிடக்க, நடுவில் உள்ள படி மட்டும் கறுப்புப் பூசி மறைத்து மேலே புதிதாக எழுதியிருக்கும். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் ‘ஹவில்தார்’ என்பதன் கீழே ‘நாயக்’கும் அதற்கும் கீழே ‘சிப்பாய்’ என்பதும் மேடாகத் தட்டுப்படும். நாயிப் சுபேதார் ஆகிவிட்டால் எண்ணும் மாறிவிடும், ஜே.சி. என்று தொடங்கும் புது எண் தருவார்கள். அப்போது மூடி முழுவதையும் பூசித்தான் எழுத வேண்டும்.

பெயர் மாறும், படி மாறாது

‘சிப்பாய்’ என்ற சொல்லே எல்லா இடத்திலும் வழங்குவதில்லை. பீரங்கிப் படையில் அவர் கன்னர், பொறியாளர் படையில் சாப்பர், சிக்னல் பிரிவில் சிக்னல்மேன், வாகனமும் கருவியும் பழுது பார்க்கும் பிரிவில் கிராஃப்ட்ஸ்மேன், ரைஃபிள்ஸ் என்று முடியும் ரெஜிமென்ட்களில் ரைஃபிள்மேன், கிரனேடியர்ஸில் கிரனேடியர், கவசப் படையில் சவார். அத்தனையும் ஒரே படி. கவசப் படையில் மேலே உள்ள படிகளுக்கும் வேறு பெயர்கள்: ஹவில்தாருக்கு நிகர் தஃபேதார், சுபேதாருக்கு நிகர் ரிசல்தார்.

கார்கில் போரில் டைகர் ஹில்லில் 19 வயதில் பரம் வீர் சக்கரம் பெற்ற யோகேந்திர சிங் யாதவைக் ‘கிரனேடியர்’ என்று செய்தித்தாள்கள் எழுதின. கையெறி குண்டு வீசும் தனிப் பதவி என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். அவர் அன்று பட்டை இல்லாத சிப்பாய். கௌரவ கேப்டன் ஆனது பிற்காலத்தில்.

இந்தப் பெயர்களின் கதை நம் மண்ணோடு ஒட்டியது. நாயக் என்பதும் மதுரை நாயக்கர் என்பதில் உள்ள நாயக்கரும் ‘தலைவன்’ என்று பொருள்படும் ஒரே வேர்ச்சொல்லின் பிள்ளைகள். ஒருவர் பாளையங்களைக் கட்டி ஆண்டார், மற்றவர் பத்துப் பேரை நடத்துகிறார். அழைப்பிதழைத் தவறாக வாசித்தவர் அவ்வளவு பெரிய தவறொன்றும் செய்துவிடவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். சுபேதாரின் கதை இன்னும் பெரிய சரிவு. முகலாயர் காலத்தில் ‘சுபா’ என்ற மாகாணத்தையே ஆண்டவர் அவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் அந்தப் பெயர், பல பிளட்டூன்கள் சேர்ந்த ‘கம்பெனி’ என்ற படைப்பிரிவின் அளவுக்குச் சுருங்கியது. இந்தச் சீமை இன்றும் கான் சாகிப் என்று நினைவில் வைத்திருக்கும் யூசுப் கான், கம்பெனிச் சிப்பாய்களின் தளபதியாக உயர்ந்து, மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை நிர்வகித்து, 1764 அக்டோபர் 15 அன்று மதுரையில் தூக்கிலிடப்பட்டவர். மதராஸ் ரெஜிமென்ட் தன் தொடக்கமாகச் சொல்லிக்கொள்ளும் 1758ஆம் ஆண்டு அவர் காலத்துக்குள்தான் வருகிறது. இன்றைய நாயிப் சுபேதாருக்கு முன்பு ஜமேதார் என்று பெயர்; 1965இல் மாற்றினார்கள்.

பொறுப்பு வேறு, தொழில் வேறு

‘கம்பெனி ஹவில்தார் மேஜர்’ என்று கேட்டதும் மேஜர் என்ற அதிகாரி நினைவுக்கு வருவார். அது ஒரு பொறுப்பின் பெயர். படி ஹவில்தார்தான். கம்பெனியின் ஒழுங்கு, காவல் முறை, ஆள் கணக்கு எல்லாம் அவர் கையில். உணவும் உடையும் தளவாடமும் ‘கம்பெனி குவார்ட்டர் மாஸ்டர் ஹவில்தார்’ பொறுப்பு. இது கிடங்குச் சாவி வைத்திருக்கும் வேலை, போர் வேலை அல்ல என்று எண்ணுகிறவர்கள் உண்டு. 1965 செப்டம்பரில் கேம்கரன் களத்தில் ஜீப்பில் பொருத்திய பீரங்கியால் பாகிஸ்தான் டாங்கிகளை ஒவ்வொன்றாக உடைத்த அப்துல் ஹமீது வகித்த பொறுப்பு இதுதான்.

தொழில் இன்னொரு செய்தி. பொதுப்பணி, தொழில்நுட்பம், எழுத்தர், நர்சிங் உதவியாளர், டிரேட்ஸ்மேன் என்று சேரும்போதே வகை பிரிகிறது. ‘சமையலுக்குத்தான் எடுத்திருக்கிறார்கள்’ என்று ஊரில் சிலர் குரலைத் தாழ்த்திச் சொல்வது அறியாமை. சமையல் தொழிலில் சேர்ந்தவரும் பயிற்சி பெற்ற படைவீரர்தான். அவருக்கும் நாயக், ஹவில்தார் படிகள் உண்டு. மூன்று பட்டை போட்ட சமையற்காரருக்கு முன்னால் பட்டையில்லாத பொதுப்பணிச் சிப்பாய் இளையவர்.

பட்டை ஏறாமல் சம்பளம் ஏறுவது எப்படி?

7ஆவது ஊதியக் குழுவின் அட்டவணையில் தொடக்க அடிப்படைச் சம்பளம் இப்படி: சிப்பாய்க்கும் லான்ஸ் நாயக்குக்கும் 3ஆம் நிலை, ரூ.21,700. நாயக் 4ஆம் நிலை, ரூ.25,500. ஹவில்தார் 5ஆம் நிலை, ரூ.29,200. நாயிப் சுபேதார் 6ஆம் நிலை, ரூ.35,400. இதோடு ராணுவப் பணி ஊதியம் என்று மாதம் ரூ.5,200, சிப்பாய்க்கும் சுபேதார் மேஜருக்கும் அது ஒரே தொகை.

பதவி உயர்வு காலியிடத்தைப் பொறுத்தது. பணிமூப்பு வேண்டும், கேடர் எனப்படும் தேர்வுப் பயிற்சியில் தேற வேண்டும், கல்விச் சான்று வேண்டும், உடல் தகுதி குறையக் கூடாது, பணிப் பதிவேட்டில் தண்டனையைக் குறிக்கும் சிவப்பு மை ஏறக் கூடாது. ‘ரெட் இங்க் என்ட்ரி’ என்றால் எந்த முன்னாள் வீரருக்கும் முகம் மாறும். எல்லாம் சரியாக இருந்தும் மேலே இடம் காலியாகாவிட்டால் காத்திருக்க வேண்டியதுதான்.

அப்படிக் காத்திருப்பவர்களுக்காகத்தான் எம்.ஏ.சி.பி. என்ற ஏற்பாடு. பதவி உயர்வு இல்லாமல் 8 ஆண்டு கழிந்தால் அடுத்த ஊதிய நிலை, 16இல் அதற்கடுத்தது, 24இல் மூன்றாவது. களக்காட்டிலிருந்து ஒரே நாளில் சேர்ந்த இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 8ஆம் ஆண்டுக்குள் நாயக் ஆகிவிட்டார், மற்றவருக்குக் காலியிடம் அமையவில்லை. இரண்டாமவரும் அந்த ஆண்டு 4ஆம் நிலைச் சம்பளத்துக்கு வந்துவிடுவார். வங்கிக் கணக்கில் இருவருக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. கையில் தெரியும்.

இதிலிருந்து மூன்று விளைவுகள்:

1. ‘நாயக் சம்பளம் வாங்குகிறார்’ என்பதும் ‘நாயக்’ என்பதும் ஒன்றல்ல. கல்யாணப் பேச்சில் இந்த ஒரு சொல் அடிக்கடி நழுவும். எப்போதும் வேண்டுமென்றே அல்ல.

2. ஓய்வூதியம் கடைசியாகப் பெற்ற ஊதியத்தில் பாதி என்பதால், எம்.ஏ.சி.பி. உயர்வும் அதில் சேரும். சிப்பாயாகவே ஓய்வு பெற்றவரின் பி.பி.ஓ. எனப்படும் ஓய்வூதிய ஆணையில் மேல்நிலைக் கணக்கு இருந்தால் அது எழுத்துப்பிழை அல்ல. கணவர் இறந்த பிறகு அந்த ஆணையை வங்கிக்கு எடுத்துச் செல்லும் பெண்கள், படி எழுதிய இடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தொகை தவறு என்று அஞ்ச வேண்டாம்.

3. எத்தனை ஆண்டு பணியில் நீடிக்கலாம் என்பதை முடிவு செய்வது உண்மையான படி, ஊதிய நிலை அல்ல. எம்.ஏ.சி.பி. சம்பளத்தை உயர்த்தும், பணிக்காலத்தை நீட்டாது. சிப்பாய் பெரும்பாலும் 40 வயதுக்குள் ஊர் திரும்பிவிடுகிறார், ஹவில்தார் இன்னும் பல ஆண்டு இருப்பார், ஜே.சி.ஓ. ஆனவர் 50ஐத் தாண்டியும் இருக்கலாம். பிள்ளைகள் பள்ளியில் படிக்கும்போதே தந்தை ஓய்வு பெறுவதா, கல்லூரி முடித்த பிறகா என்பது இங்கேதான் தீர்மானமாகிறது. பட்டைக்கு இத்தனை ஏக்கம் இருப்பதற்கு மரியாதையைவிட இதுதான் பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மணிமுத்தாறு ஹவில்தார்

நம் பக்கத்துக்கே உரிய குழப்பம் ஒன்று. மணிமுத்தாறில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் அணி இருக்கிறது. அந்தப் படையிலும் நாயக், ஹவில்தார் என்ற சொற்கள் வழக்கில் உண்டு. ஆகவே அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் ஹவில்தார் என்றால், எந்தப் படையின் ஹவில்தார் என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. அவர் மாநிலக் காவல் துறையைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம்.

சி.ஆர்.பி.எஃப்., எல்லைப் பாதுகாப்புப் படை போன்றவை இன்னொரு வகை. உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவை. படிகள் கான்ஸ்டபிள், தலைமைக் கான்ஸ்டபிள் என்று போகும். 2019 பிப்ரவரி 14 அன்று புல்வாமாவில் உயிரிழந்த 40 பேர் சி.ஆர்.பி.எஃப். வீரர்கள். ‘ராணுவ வீரர்கள்’ என்றே பல இடங்களில் எழுதினார்கள். துக்கத்தில் வேறுபாடு இல்லை, ஓய்வூதியத்தில் உண்டு. 2004 ஜனவரி 1 முதல் மத்தியக் காவல் படைகளில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத்துக்கு மாற்றப்பட்டார்கள்; முப்படையினருக்கு அந்த மாற்றம் பொருந்தவில்லை.

அக்னிவீர் எங்கே நிற்கிறார்?

2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டப்படி, அக்னிவீர் என்பது ஏற்கனவே உள்ள எந்தப் படியோடும் சேராத தனிப் படி. சிப்பாயின் வேலையைச் செய்வார், சிப்பாயோடு காவல் நிற்பார். ஆனால் நாயக், ஹவில்தார் என்று ஏறும் ஏணியில் அவர் இன்னும் கால் வைக்கவில்லை. வேறுபாடு பட்டையில் இல்லை, ஒப்பந்தத்தில் இருக்கிறது.

முதலில் சம்பளம். அக்னிவீருக்கு முதல் ஆண்டு மாதம் ரூ.30,000, சிப்பாய்க்கு ரூ.21,700 என்று இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அக்னிவீருக்கே அதிகம் என்று முடிவு கட்டுகிறார்கள். முதல் எண் தொகுப்பூதியம். அகவிலைப்படியும் ராணுவப் பணி ஊதியமும் அவருக்குத் தனியே கிடையாது. இரண்டாவது வெறும் அடிப்படைச் சம்பளம். ரூ.21,700உடன் ரூ.5,200 சேர்த்து, அகவிலைப்படியை 50 சதவீதம் என்று மட்டும் வைத்துக்கொண்டாலே ரூ.40,350 வந்துவிடும். அக்னிவீரின் ரூ.30,000இலிருந்து 30 சதவீதம், அதாவது ரூ.9,000 சேவா நிதிக்குப் போய், கைக்கு வருவது ரூ.21,000.

சேவா நிதியில் 4 ஆண்டில் அவர் பங்கு ரூ.5.02 லட்சம், அரசு பங்கும் அதே அளவு. வட்டியோடு சேர்த்து முடிவில் சுமார் ரூ.11.71 லட்சம் கிடைக்கும் என்பது அறிவிப்பு. ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை. பணிக்காலத்தில் ரூ.48 லட்சத்துக்கான காப்பீடு உண்டு. அதற்கு அவர் சந்தா கட்ட வேண்டியதில்லை.

4 ஆண்டு முடிந்ததும் ஓர் அணியில் 25 சதவீதம் வரையிலானவர்களை நிரந்தரப் பணிக்கு எடுக்கலாம். ‘25 சதவீதம் வரை’ என்பதில் ‘வரை’ என்ற சொல்லை விட்டுவிட்டுப் பேசுவது வழக்கமாகிவிட்டது. தேர்வானவர்கள் மேலும் 15 ஆண்டாவது பணியாற்ற வேண்டும். லான்ஸ் நாயக்கின் ஒற்றைப் பட்டை அவர்கள் கண்ணில் படத் தொடங்குவது அதற்குப் பிறகுதான்.

விடுப்பு சிறிய விஷயமாகத் தெரியலாம். ஆனால் இந்த ஊரில் முதலில் கேட்கப்படும் கேள்வி அதுதான். நிரந்தர வீரருக்கு ஆண்டு விடுப்பு 60 நாள், தற்செயல் விடுப்பு 30 நாள். அக்னிவீருக்கு மொத்தமே 30 நாள். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் குடும்பத்தோடு நின்றுவிட்டு, ஆடியில் ஊர்க் கொடைக்கும் வந்து போவது நிரந்தர வீரருக்கு முடிகிற காரியம். அக்னிவீர் காஷ்மீரிலிருந்தோ அருணாசலத்திலிருந்தோ ரயிலில் வந்து திரும்பும் நாட்களையும் கணக்கில் எடுத்து, இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்துகொள்ள வேண்டியிருக்கும்.